மூன்று கூலிகளும் ஒரு வெடிமருந்துப் பெட்டியும்

அந்த நாவலை எழுதியவர் பெயரை நான் சொல்வதாக இல்லை. கதை முழுக்க எட்டுச் சுமைகூலிகள் வருகிறார்கள். ஒருத்தருக்காவது அந்த மனுஷர் பேர் வைத்தாரா? கேப்டனின் நாய்க்குப் பேர் உண்டு. துப்பாக்கிக்குக்கூட, கட்டிய பெண்டாட்டி மாதிரி, செல்லப் பேர் உண்டு. கூலிகளுக்குக் கிடையாது. அப்புறம் அவர் பேரை மட்டும் நான் எதற்குச் சுமந்துகொண்டு திரிய வேண்டும்?

கதையின் பேர் 'பனிக்கோட்டை மாணிக்கம்'. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், இமயமலைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத ஓர் இங்கிலீஷ்காரர், கடலோர வீட்டில் கணப்படுப்பின் முன் காலை நீட்டிக்கொண்டு எழுதியது. வின்ஃபோர்ட் என்ற கேப்டன் ஒரு மாணிக்கக்கல்லைத் தேடி மலையேறுகிறான். அந்தக் கல் யாருடையது என்று ஒரு வரியில்கூட யாரும் கேட்பதில்லை. இதைத்தான் உலகம் செவ்வியல் சாகசம் என்று கொண்டாடுகிறது.

எங்கள் சௌரிபாளையம் அடுக்ககத்தின் வாசகர் வட்டத்துக்கு இந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தவர் சங்கச் செயலாளர் கஜேந்திரன். பாங்கு மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். சின்ன வயதில் இதன் தமிழ்ச் சுருக்கத்தைப் படித்து, போர்வைக்குள் கேப்டன் வேஷம் போட்டவராம். அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் மனைவி சொல்லாமலும் எனக்குப் பல விஷயம் தெரியும். எங்கள் வீட்டுக் கதவு லிஃப்டுக்கு நேர் எதிரே. கதவைத் திறந்து வைப்பது காற்றுக்காக.

இப்போது யார் புத்தகத்தைக் கண்ணால் படிக்கிறார்கள்? நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக் கண்ணை மூடினால் நேரே கதைக்குள் போய் நிற்கலாம், கதாபாத்திரமாகவே. ஆனால் எந்தப் பாத்திரம் என்பது சந்தாவைப் பொறுத்தது. சங்கம் எடுத்த கூட்டுச் சந்தாவில் கேப்டன் இடம் ஒன்றே ஒன்று. அது யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? மீதிப் பேருக்கெல்லாம் கூலி இடம்.

மூன்றாம் மாடிக் கோகிலவாணியை அந்த ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். அவள் வீட்டுக்காரர் மயில்சாமி, சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டியவர், நாலு வருஷத்துக்கு முன் நாக்பூர்ப் பக்கம் வண்டியிலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். அதற்கப்புறம் அவள் காய்கறிக்குக் கீழே வருவாள், போவாள், வாயைத் திறக்க மாட்டாள். வாயைத் திறக்காத ஒருத்தி மேல்மாடியில் இருந்தால் என்னால் நிம்மதியாக இருக்க முடியாது.

உள்ளே போனதும் தலைமேல் ஒரு மூட்டை. கனம் தெரிகிறது, கழுத்து வலி தெரியவில்லை. சுற்றிலும் பனி, நடுக்கம் இல்லை. நான் எந்தக் கூலிக்குள் இருந்தேனோ அவனுக்கு வீட்டு நினைப்பு வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். வீடே இல்லை. அம்மா இல்லை, ஊர் இல்லை. வெள்ளையடித்து, யாரும் வாடகைக்கு வராத அறை மாதிரி இருந்தது உள்பக்கம். பசிகூடக் கேப்டன் திரும்பிப் பார்த்தால்தான் வருகிறது! அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பசியும் நின்றுவிடுகிறது.

கேப்டனுக்குள் இருந்த கஜேந்திரனோ பிற்பாடு வெளியே வந்து, "மாளிகைங்க உள்ளே! ஊருல தோட்டம், காதலி, பள்ளிக்கூடத்துல அடிச்ச வாத்தியார் மேல இன்னும் ஆறாத கோவம், எல்லாம் இருக்குது" என்று பூரித்தார். எழுதினவர் அங்கே கொட்டியிருக்கிறார். இங்கே ஒரு சொட்டு விடவில்லை.

நான் சும்மா நடந்துவிடுவேனா? எனக்கு முன்னால் போன கூலியிடம், நம்மூரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பது போலக் கேட்டேன்: "ஏனுங், உங்களுக்கு எந்த ஊருங்க?"

அவன் திரும்பினான். கண், மூக்கு, வாய் எல்லாம் இருந்தன, முகம் இல்லை. கொஞ்ச நேரம் எதையோ தேடுவது போல நின்றான். பிறகு தொண்டையை இரண்டு தரம் செருமினான். இடது தோள் துண்டை எடுத்து வலது தோளில் போட்டான்.

"சத்தியமங்கலம் பக்கமுங்க அம்மணி. இத்தன விசாரிக்கறீங்களே, ஊட்டுல பொண்ணு கிண்ணு இருக்குதுங்களா?"

எனக்குப் பின்னால் மூட்டை விழுந்த சத்தம். கோகிலவாணி. அது மயில்சாமியின் செருமல், மயில்சாமியின் கேலி. அடுக்ககத்துக்கே தெரியும், புதிதாகக் குடிவருகிற எவரிடமும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

நான் உற்சாகத்தில் இன்னும் இரண்டு பேரை விசாரித்துத் தொலைத்தேன். ஒருவர் எங்கள் பால்காரர் ரங்கசாமியின் குரலில் விலைவாசியைத் திட்டினார். இன்னொருவர் அச்சு அசல் என் கொழுந்தனார். இத்தனைக்கும் என் கொழுந்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்து நன்றாகத்தான் இருக்கிறார்.

அப்படியே பேசிச் சிரித்துக்கொண்டு கயிற்றுப் பாலத்துக்கு வந்தோம். எதிரிகள் துரத்துகிறார்கள். கேப்டன் கடந்தான், நாங்கள் கடந்தோம். கடைசியாக அந்த மூவரும் வெடிமருந்துப் பெட்டியைச் சுமந்து பாதிப் பாலத்தில் வரும்போது, கேப்டன் கத்தியை உருவிக் கயிற்றை அறுத்தான். கூடவே அவன் குரலில் புத்தகத்தின் வாசகம் வானத்திலிருந்து வருவது போல ஒலித்தது:

'வேறு வழியில்லை. மூன்று கூலிகளையும் ஒரு வெடிமருந்துப் பெட்டியையும் இழந்தோம். பெட்டி போனதுதான் பேரிழப்பு. நான் கீழே பார்க்கவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.'

நன்றாகத் தூங்கினானாம்!

கோகிலவாணி பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இன்னும் புன்னகையோடு உட்கார்ந்திருந்த கஜேந்திரன் தோளை உலுக்கினாள். "எதுக்குங்க அறுத்தீங்க? நடந்து வந்துட்டேதானே இருந்தாங்க?"

"அட, கதையம்மா. கதையைக் கதையாப் படிக்கணும்" என்றார் அவர். "அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க. இன்னிக்கு இருக்கற கண்ணாடியப் போட்டுக்கிட்டு அன்னிக்கு எழுதுனத எடை போடக் கூடாது."

"அன்னிக்குக் கூலிக்காரனுக்குப் பொண்டாட்டி இல்லீங்களா?" என்றேன் நான். "இந்தக் கண்ணாடி இன்னிக்குத்தான் கடைக்கு வந்துதா? பாலத்துல போனவங்க ஊட்டுல அன்னிக்கும் ஒருத்தி இதே கேள்வியக் கேட்டிருப்பா. அவளுக்கு அச்சாபீஸ் இல்ல, அவ்வளவுதான்."

பாங்கில் வேலை பார்த்தவர்களுக்கு, பதில் இல்லாதபோது மேஜையைச் சரிசெய்கிற பழக்கம் உண்டு. கஜேந்திரன் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் பட்டைக் கம்பெனியைத் திரையில் அழைத்தோம். ஷெரின் என்று ஒரு பெண் வந்தாள். சிரிப்பை ஒட்டவைத்த முகம்.

"எழுத்தாளர் எழுதாம விட்ட இடத்தைப் பக்கத்துல இருக்கற வாசகரோட நினைவுல இருந்து நிரப்பிக்கும், மேடம். வாயால சொன்னீங்கன்னா அதுக்கு முதலிடம். சொல்லலைன்னா மனசுல இருக்கறதை எடுத்துக்கும். ஒரு தடவை நிரம்பிட்டா உலகத்துல எல்லாருக்கும் அதுதான்."

"எல்லாருக்கும்னா?" என்றாள் கோகிலவாணி.

"எந்த நாட்டுல யார் படிச்சாலும் அவர் வருவார், மேடம்."

"யாரு படிச்சாலும் சாவாரா?"

ஷெரின் சிரிப்பு ஒரு கணம் ஒட்டு விட்டது. "பாலம் மூலத்துல இருக்கு. செவ்வியல் நூல். ஒரு சொல்லைக்கூட மாத்த எங்களுக்கு உரிமை இல்ல."

"அந்தாளு எழுதுனத மாத்தச் சொல்லல கண்ணு. என்ற ஊட்டுக்காரரத் திருப்பிக் குடுங்கன்னுதான் கேக்கறேன். அவரு உங்க செவ்வியல்ல இல்லவே இல்லியே, நீங்கதானே தூக்கிட்டுப் போனீங்க?"

"விதிமுறையில சம்மதம் குடுத்திருக்கீங்க. அப்புறம், அவரை எடுத்தா இடம் காலியாகும். வேற யாரோ ஒரு வாசகரோட ஆளு வந்து உட்காருவார்." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு செய்யலாம் மேடம். நீங்களே உள்ள போய் அவரைப் பத்தி ஏதாவது மாத்திச் சொல்லிடுங்க. ஒண்ணு மாறினா, கதை பொருந்தணும்ல, மத்ததெல்லாம் அதுவே மாத்திக்கும். அப்புறம் அவர் வேற ஆளு. உங்களுக்கும் வலிக்காது."

கோகிலவாணி திரையை அணைத்துவிட்டாள். "வேற ஆளுன்னு சொல்லணுமாமா! இருவது வருசம் சோறு போட்ட கையி இது. அவரு யாரோன்னு இந்த வாயால சொல்லணுமா? கேட்டீங்களாக்கா அநியாயத்த!"

அநியாயம் அத்தோடு நிற்கவில்லை. வாசகர் கருத்துகள் வர ஆரம்பித்தன. நான் ஒன்று விடாமல் படித்தேன். 'தொண்டையைச் செருமும் அந்தக் கூலி விழும்போது அழுது தீர்த்தேன். ஐந்து நட்சத்திரம்.' 'நகைச்சுவையான சுமைகூலி பிரமாதம். சாவு இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாம்.' கம்பெனி புதிதாக விளம்பரமே போட்டுவிட்டது: 'இப்போது கூலிகளுக்கும் உயிர் உண்டு!' கொடுத்த உயிர் யார் வீட்டுச் சொத்து? ஒரு மனுஷன் முதல் தடவை தன் லாரியில் செத்தான். இப்போது எவனோ ஒரு கனடாக்காரனின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்காக வாராவாரம் சாகிறான்.

கோகிலவாணி தினமும் உள்ளே போய்வந்தாள். பாலத்துக்கு முந்தின வளைவு வரை அவரோடு நடப்பாள், பட்டையைக் கழற்றிவிடுவாள். "உன்னை அவருக்கு அடையாளம் தெரியுதா?" என்று கேட்டேன். கேட்காமல் எப்படி இருப்பது?

"எங்க தெரியுதுங்க்கா, நானும் ஒரு கூலிதானே அங்க. ஆனா அவரு அவருதான். நேத்து லாரி டயரப் பத்தி ஒரு மணி நேரம் அறுத்தாரு." சிரித்தாள். நாலு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு, அது நிற்கவும் இல்லை. "நான் வளைவுலயே திரும்பி வந்துட்டா மட்டும் அவரு சாகாம இருக்காருங்களாக்கா? எனக்குத் தெரியாம சாகறாரு, அவ்வளவுதான். ஒருக்கா நாக்பூர்ல அப்படி உட்டுட்டேன். போன்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மறுக்கா உட மாட்டேன்."

அடுத்த வாரம் கஜேந்திரன் தானாகவே என் வாசலுக்கு வந்தார். காற்றுக்காகத் திறந்திருந்த கதவு.

"தனியா போய்ப் பார்த்தேம்மா" என்றார், உட்காராமலே. "அறுக்கக் கூடாதுன்னு கத்தியத் தூக்கி எறிஞ்சேன். அது கைக்கே வந்துருது. கையக் கக்கத்துல வெச்சு அமுக்கிக்கிட்டேன். கையி அதுபாட்டுக்குப் போயி அறுக்குது. சரி, விழறவங்களையாவது பார்ப்போம்னா, கழுத்து திரும்ப மாட்டேங்குது. 'நான் கீழே பார்க்கவில்லை'ன்னு எழுதியிருக்கே! அம்பது வருசம் இந்தக் கதையப் படிச்சிருக்கேன். ஒரு தடவைகூட எனக்கும் கீழே பார்க்கணும்னு தோணலை."

அவருக்குக் காப்பி கொடுத்தேன். என்ன இருந்தாலும் மனுஷர் முகம் வெளுத்திருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் காப்பியைக் குடித்தபின். "அவன் பார்க்கலைன்னா, கீழே என்ன நடந்துதுன்னு அந்தாளு எழுதவே இல்ல. மேலேயிருந்து பார்த்தா ஆழம் காண முடியாத ஆறுன்னு ஒரு வரி. அவ்வளவுதான். அப்புறம் பாலத்தக் கடந்த கூலிங்களப் பத்தி அடுத்த அத்தியாயம் வரைக்கும் ஒரு சொல் கிடையாது. நீங்க எங்க போனாலும் புத்தகம் கண்டுக்காது."

இதைத்தான் சொல்கிறேன்: எழுதாமல் விட்டதால் எங்களுக்கு ஏற்பட்ட ஒரே லாபம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவருமே உள்ளே போனோம். பாலத்தைக் கடந்ததும் கேப்டன் கத்தியை உருவ, நானும் கோகிலவாணியும் மூட்டையிலிருந்த கூடாரக் கயிற்றை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் சறுக்கி இறங்கினோம். தடுக்க ஒரு வாக்கியமும் வரவில்லை. கீழே ஆற்றைத் தவிர எதுவுமே இல்லை, கல் இல்லை, புல் இல்லை, வெறும் வெளுப்பு. "கோகிலா, சொல்லு, சொல்லு" என்று நான் கத்த, அவள் பவானி ஆற்றங்கரையைச் சொன்னாள். மணல் வந்தது, நாணல் வந்தது, வழுக்குப் பாறை வந்தது. ஆழம் மட்டும் குறையவில்லை, அது எழுதப்பட்டது.

மேலே கயிறு அறுந்தது. மூன்று பேரும் வந்து விழுந்தார்கள். பெட்டி அப்படியே அடிக்குப் போனது. என் கொழுந்தனார் நீந்திக் கரையேறினார், வரும்போதே யாரையோ திட்டிக்கொண்டு. பால்காரரும் பாறையைப் பிடித்துவிட்டார். மயில்சாமி கையை மட்டும் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை வீசினோம். எட்டவில்லை. மறுபடி வீசினோம். எங்கள் அடுக்ககத்தில் நீச்சல்குளம் இருக்கிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறோம். எங்கள் இருவருக்கும் முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கத் தெரியாது.

"அவருக்கு நீச்சத் தெரியாதுங்க்கா" என்றாள் கோகிலவாணி. "கொடிவேரிக்குப் போனா நாங்க எல்லாரும் தண்ணியில ஆடுவோம். அவரு கரையில குந்தி, அத்தன பேரு செருப்புக்கும் காவலு இருப்பாரு."

"கேட்டுப் பார்க்கட்டுமா? அவர்கிட்டயே கத்திக் கேட்டா..."

"கேக்காதீங்க! கேட்டா என்ற மனசுல இருக்கறதத்தான் சொல்லுவாரு. மனசுல இருக்கறது அவருதான்."

அவர் தலை ஒரு தரம் முழுகி வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து அந்தச் செருமல் கேட்டது, இருமலா செருமலா தெரியவில்லை. கோகிலவாணி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"அந்தாளு ஆத்தோரத்துல பொறந்தவருங்க" என்றாள், யாருக்கோ சாட்சி சொல்கிற மாதிரி, உரக்க. "நடக்கறதுக்கு முந்தியே நீச்சப் பழகுனவரு. மழைக்காலத்துலயே அக்கரைக்கு நீஞ்சிப் போயிட்டு வருவாரு. எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

அடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. நீண்டு, தண்ணீரைப் பிளந்தன. அந்த ஆள் ஒரே வாக்கில் குறுக்கே நீந்திக் கரைக்கு வந்து, எங்களுக்கு நாலடி தள்ளி ஏறினான். துண்டை அவிழ்த்துப் பிழிந்து இடுப்பில் கட்டிக்கொண்டான், தோளில் போடவில்லை. தோள்கூடக் கொஞ்சம் அகலமாகத்தான் தெரிந்தது.

"பொழச்சேன்" என்றான். புதுக் குரல். எங்களைப் பார்த்து, முன்பின் தெரியாத பெண்களிடம் காட்டுகிற மரியாதையோடு ஒதுங்கி நின்றான். "நீங்க தனியாவா வந்தீங்க? மேல ஏறிப் போயிருங்க, இருட்டினா வழி தெரியாது. எனக்கு இப்படியே ஆத்தோரமாப் போனா ஊரு வந்துரும். வீட்ல அவ காத்திருப்பா."

போய்விட்டான். என் கொழுந்தனாரும் பால்காரரும் அவன் பின்னாலேயே போனார்கள். கொழுந்தனார் அவனிடம் ஏதோ வியாபாரம் பேசிக்கொண்டு போவது வளைவு திரும்பும் வரை கேட்டது.

மேலே, வானத்தில், 'பெட்டி போனதுதான் பேரிழப்பு' என்று கேப்டன் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லட்டும்.

வெளியே வந்தபோது கஜேந்திரன் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்னாச்சும்மா?" என்றார் எழுந்து நின்று.

"மூணு பேரும் கரையேறிட்டாங்க" என்றேன்.

"மூணு பேருமா?" மனுஷர் கோகிலவாணியை நோக்கிக் கைகூப்பப் பார்த்தார். அவள் அதைக் கவனிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். இனி உலகத்தில் எவன் படித்தாலும் அந்த ஆள் சாக மாட்டான். எந்தக் கனடாக்காரனுக்கும் செருமல் கேட்காது. நட்சத்திரம் குறையும். குறையட்டும்.

லிஃப்டில் நானும் அவளுமாக ஏறினோம். என் மாடி முதல் மாடிதான். இறங்காமல் கூடவே போனேன். மூன்றாம் மாடி நெருங்கியது. என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் கோகிலா, அந்தாளு ஊட்டுல ஒருத்தி காத்திருக்காளாமே, அவளோட பேரு என்னன்னு நீயாவது கேட்டியா?"

"கேக்கலீங்க்கா."

கதவு திறந்தது. வெளியே ஒரு காலை வைத்தவள், கதவை ஒரு கையால் பிடித்தபடி நின்றாள்.

"என்ற ஊட்டுக்காரருக்கு ரசத்துல தக்காளி போட்டா ஆகாது, நெஞ்சு கரிக்கும்" என்றாள். "இந்தாளுக்கு எப்படியோ, தெரியலீங்க்கா."